மாமியார், தம்பி, ஒன்பது மாதக் குழந்தை: மூவருக்கும் ஒரே ஊசிக் கணக்கா?

கேள்வி: டாக்டர், நாங்கள் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி, கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே குடியிருக்கிறோம். என் பிறந்த வீடு பொள்ளாச்சி. 2021-இல் என் மாமியாருக்கும் தம்பிக்கும் கோவிஷீல்டு போட்டோம். அப்போது மாமியாருக்கு 66 வயது, தம்பிக்கு 24. வெளிநாட்டில் வயசுப் பிள்ளைகளுக்கு அந்த ஊசியைத் தவிர்த்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கே மட்டும் ஏன் எல்லோருக்கும் அதையே போட்டார்கள்? தம்பிக்குச் சில மாதங்களாக நெஞ்சு கரிக்கிறது, சில நாள் குத்துகிறது. அந்த ஊசிதான் காரணம் என்று வீட்டில் பேச்சு. என் பையனுக்கு இப்போது ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசிக்காக நர்ஸ் இரண்டு தடவை வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "ரெண்டு வயசு ஆகட்டும், உடம்பு கெட்டிப்படட்டும்" என்கிறார் மாமியார். நாய்க்கடி ஊசி போட்டுக் கால் விழுந்துபோன ஒருவரை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியாரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சொன்னது கட்டுக்கதை இல்லை. பழைய நாய்க்கடி ஊசி மருந்தைச் செம்மறியாட்டு மூளையில் கிருமியை வளர்த்துத்தான் தயாரித்தார்கள். நம் பக்கத்தில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் பெயரைச் சொன்னாலே பெரியவர்கள் தொப்புளைத் தடவிக்கொள்வார்கள். வயிற்றில், தினம் ஒன்றாக, பத்து பதினாலு ஊசி. மருந்தோடு சேர்ந்து ஆட்டு மூளையின் நரம்புப் பொருளும் கொஞ்சம் உள்ளே போகும். சிலருடைய உடம்பு அதை எதிர்க்கப் போய்த் தன் நரம்பையே தாக்கிவிடும். கை கால் விழும். சில நூறு பேரில் ஒருவர் என்பதிலிருந்து சில ஆயிரம் பேரில் ஒருவர் என்பது வரை கணக்குகள் உண்டு. போடுகிற டாக்டருக்கும் இது தெரியும். தெரிந்தும் போட்டார்கள். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை என்பதுதான் காரணம். அதைவிட நல்ல மருந்து கைக்கு எட்டிய பிறகு, 2004 கடைசியோடு இந்தியாவில் அந்தப் பழைய மருந்தை நிறுத்தினார்கள். இன்று கையில் போடுவது முற்றிலும் வேறு.

ஆக, அத்தை கணக்கின் ஒரு பக்கத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறார். ஊசி போட்டுக்கொள்ளாதவருக்கு என்ன ஆகும் என்பது மறுபக்கம். அந்த இரண்டு பக்கமும் வயதுக்கு வயது மாறும். உங்கள் வீட்டு மூன்று பேருக்கும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கோவிஷீல்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் ஆஸ்ட்ராசெனெகா நிறுவனமும் உருவாக்கிய இந்த ஊசியை இங்கே தயாரித்தது புனேயின் சீரம் நிறுவனம். 2021 மார்ச் வாக்கில் ஐரோப்பாவில் ஒரு விநோதமான பாதிப்பு கண்ணில் பட்டது. ரத்தம் கண்ட இடத்தில் உறைகிறது. உறைவதற்குத் தேவையான தட்டணுக்களோ அதே நேரம் சரசரவென்று குறைகின்றன. மூளைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ரத்தக்கட்டி. பெரும்பாலும் முதல் டோஸுக்குப் பிறகு, 4 நாளிலிருந்து 42 நாளுக்குள். ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்து முகமை இதை ஊசியின் மிக அரிதான பக்கவிளைவுகளில் சேர்த்தது. அதே நாளில் பிரிட்டன், 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முடிந்தால் வேறு ஊசி என்றது. ஒரு மாதம் கழித்து அந்த வயதை 40 ஆக உயர்த்தியது. நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான்.

அந்த முடிவை எப்படி எடுத்தார்கள் என்பதுதான் உங்களுக்கு உதவும். கேம்பிரிட்ஜில் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் என்ற புள்ளியியல் அறிஞரின் குழு ஒரு கணக்குப் போட்டது. ஒரு லட்சம் பேருக்கு ஊசி போட்டால் அடுத்த 16 வாரத்தில் எத்தனை பேர் கோவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமல் தப்புவார்கள், எத்தனை பேருக்கு இந்த ரத்தக்கட்டி போன்ற கடும் பாதிப்பு வரும் என்று பத்துப் பத்து வயதாகப் பிரித்துப் பார்த்தார்கள். லட்சம் என்றால் நமக்குக் கண்ணில் நிற்காது. பொள்ளாச்சி நகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 90,000 பேர். ஒரு லட்சம் என்பதை ஒரு பொள்ளாச்சி என்று வைத்துக்கொள்வோம்.

பொள்ளாச்சி முழுக்க உங்கள் தம்பி போல 20 முதல் 29 வயதுக்காரர்கள் மட்டும் இருக்கிறார்கள், ஊரில் கோவிட் கொஞ்சமாகத்தான் பரவுகிறது என்றால்: ஊசியால் தீவிர சிகிச்சையிலிருந்து தப்புபவர் 0.8; ஊசியால் கடும் பாதிப்பு 1.1. இங்கே ஊசி தோற்கிறது, மயிரிழையில். இப்போது அதே ஊரை 60 முதல் 69 வயதுக்காரர்களால் நிரப்புங்கள். அதே குறைந்த பரவலிலும் தப்புபவர் 14.1, பாதிப்பு 0.2. வயது ஏற ஏற நோயின் ஆபத்து மேலே போகிறது, இந்த ஊசியின் ஆபத்து கீழே இறங்குகிறது.

அடுத்த வரியையும் பார்க்க வேண்டும். பலர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். பிரிட்டனில் அந்தக் குளிர்காலத்தில் நோய் உச்சத்தில் இருந்த அளவுக்குப் பரவல் இருந்தால், அந்த இருபது வயதுக்காரர்களிலேயே 6.9 பேர் தப்புகிறார்கள். ஊசியின் பாதிப்பு அதே 1.1. அறுபதைத் தாண்டியவர்களில் 127.7 பேர் தப்புகிறார்கள். பாதிப்பு அதே 0.2. ஆளும் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. ஊரில் நோய் எவ்வளவு திரிகிறது என்பது மாறியவுடன் தம்பியின் கணக்கு தலைகீழாகிவிட்டது. மாமியாரின் கணக்கோ எந்த நிலையிலும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. தீவிர சிகிச்சையை மட்டும்தான் இதில் எண்ணினார்கள். வீட்டில் இருக்கிற கிழவிக்குத் தொற்றைக் கொண்டுவராமல் இருக்கும் பலன் இதில் சேரவில்லை.

இனி, இங்கே ஏன் எல்லோருக்கும் ஒன்றே என்ற கேள்வி. இங்கும் வயது பார்க்கத்தான் செய்தார்கள், ஆனால் வரிசையில். 2021 ஜனவரி 16-இல் மருத்துவப் பணியாளர்கள், மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்கள், ஏப்ரல் 1 முதல் 45, மே 1 முதல் 18. தம்பிக்குக் கதவு திறந்தபோது இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. கோபாலபுரத்தில் இ-பாஸ் கேட்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பிய நாட்கள் நினைவிருக்கும். பிரிட்டனில் 24 வயதுப் பையனுக்கு "இது வேண்டாம், அதைப் போடு" என்று சொல்ல வேறு ஊசி குளிர்பெட்டியில் இருந்தது. நமக்குக் கோவாக்சின் இருந்தது, போதுமான அளவில் இல்லை. கோவிஷீல்டா, வேறு ஊசியா என்று பிரிட்டன் கேட்டது; கோவிஷீல்டா, வெறுங்கையா என்பதுதான் பெரும்பாலான இந்தியர்களுக்கு இருந்த கேள்வி. அந்த மே மாதத்தில் என் மகனுக்கு நானே அதைத்தான் போட்டேன்.

பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் தேசியக் குழு அந்த மே மாதமே தன் கணக்கை வெளியிட்டது. கோவிஷீல்டு 10 லட்சம் டோஸுக்கு 0.61 பேருக்கு இந்த ரத்தக்கட்டி. ஒப்பீட்டுக்கு பிரிட்டன் 4, ஜெர்மனி 10. இந்த 0.61-ஐ நான் அப்படியே விழுங்கமாட்டேன். தெற்காசியர்களுக்கு இந்தப் பாதிப்பு குறைவு என்று அந்த அறிக்கை சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மாதத்தில் கடும் தலைவலியோடு தோட்டத்து வீட்டில் படுத்தவருக்குத் தட்டணுவை எண்ணிப் பார்த்தவர் யார்? பத்து மடங்கு விட்டுப்போயிருந்தால்கூட மாமியாரின் கணக்கு மாறாது, அலை உச்சத்தில் தம்பியின் கணக்கும் மாறாது என்பது வேறு விஷயம்.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். ஊசிக்குப் பிறகு 20 நாள்வரை மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, கால் வீக்கம், விடாத தலைவலி, வயிற்றுவலி, தோலில் குண்டூசித் தலை போலச் சிவப்புப் புள்ளிகள் வந்தால் உடனே வரச் சொல்லுங்கள் என்று சுகாதார அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது. வரிசையில் நின்றவர்களிடம் அதைச் சொன்ன மையம் ஒன்றை நான் பார்க்கவில்லை. அரைமணி நேரம் நாற்காலியில் உட்காரச் சொன்னதோடு சரி. நானும் ஒரு நாளைக்கு முந்நூறு பேர் என்று நின்ற கூட்டத்தில் சொல்லத் தவறியவன்தான். அன்று சொல்லியிருந்தால், 2024-இல் "மறைத்துவிட்டார்கள்" என்ற பேச்சு இவ்வளவு எடுபட்டிருக்காது.

2024-இல் என்ன நடந்தது? இந்த ஊசி மிக அரிதாக ரத்தக்கட்டியை உண்டாக்கக்கூடும் என்று ஆஸ்ட்ராசெனெகா லண்டன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணம் ஏப்ரல் கடைசியில் செய்தியானது. மூன்று வருஷத்துக்கு முன்பே மருந்துப் பெட்டியின் துண்டுச்சீட்டில் ஏறிய தகவல்தான். ஆனால் மே மாதம் முழுக்க என் அறைக்கு, ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் பிளாஸ்டிக் உறையில் தடுப்பூசிச் சான்றிதழையும் வைத்திருந்தார், ஏதோ பட்டா மாதிரி. அவர்களுக்குச் சொன்னதையே உங்கள் தம்பிக்கும் சொல்கிறேன்: அந்த ரத்தக்கட்டி வருவதென்றால் முதல் ஆறு வாரத்தில் வந்திருக்கும். வருஷக்கணக்கில் பதுங்கியிருந்து இப்போது நெஞ்சைக் குத்தாது. டி-டைமர் எடுத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

இளம் வயது திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டது. 18 முதல் 45 வயதுக்காரர்கள். தடுப்பூசி போட்டவர்களிடம் ஆபத்து கூடவில்லை, குறைந்தே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை: குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருப்பது, கோவிட்டால் மருத்துவமனையில் படுத்தது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுமீறிக் குடித்தது, அதே நாட்களில் உடம்பை மிஞ்சி உழைத்தது.

அதனால் தம்பியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பீடி, சிகரெட் உண்டா? நெஞ்சு கரிப்பது சாப்பிட்டதும் படுத்தாலா, மாடி ஏறினாலா? அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஐம்பதுக்குள் மாரடைப்பு வந்ததா? சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்றைக்காவது பார்த்தாரா? பொள்ளாச்சியிலோ பாலக்காட்டுச் சித்தூரிலோ ஒரு இ.சி.ஜி. எடுத்து ஒரு டாக்டரிடம் நேரில் காட்டட்டும். நடந்தால் வருகிற, நின்றால் போகிற வலி என்றால் நாளைக்கே. ஊசியின் மீது பழியைப் போட்டுவிட்டு உண்மையான காரணத்தைத் தேடாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை.

இனிக் குழந்தை. கடிதத்தில் அவசரமான பகுதி இதுதான்.

"உடம்பு கெட்டிப்படட்டும்" என்ற பேச்சில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் ரத்தத்தில் சில மாதம் தங்கும். அது இருக்கும்வரை ஊசி முழுதாகப் பிடிக்காது. ஒன்பது மாதத்தில் போட்டால் சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் பிடிக்கும், ஒரு வயதில் போட்டால் 95. அப்படியானால் ஒரு வயதுவரை பொறுக்கலாமே என்று கேட்பீர்கள். தட்டம்மை அநேகமாக ஒழிந்த நாடுகளில் அப்படித்தான் பொறுக்கிறார்கள். நம்மிடம் அது இன்னும் ஒழியவில்லை. 2022 கடைசியில் உங்களுக்கு அடுத்த மாவட்டமான மலப்புறத்தில் பரவியது. அந்த மூன்று மாத இடைவெளியில் நோய் முந்திக்கொள்ளும் என்பதால்தான் ஒன்பதிலேயே ஒன்று, விட்டுப்போன குழந்தைகளைப் பிடிக்க 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. மேசையில் உட்கார்ந்து யாரோ குத்துமதிப்பாகப் போட்ட மாதமில்லை அது.

இரண்டு பக்கத்தையும் எழுதுகிறேன். தட்டம்மை வந்தால் இருபதில் ஒரு குழந்தைக்கு நிமோனியா. ஆயிரத்தில் ஒன்றுக்கு மூளைக்காய்ச்சல். நல்ல மருத்துவம் கிடைக்கும் இடத்திலும் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று மரணம். ஊசி போட்டால் மூவாயிரம் நாலாயிரம் பேரில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்பு. முப்பது நாற்பதாயிரத்தில் ஒன்றுக்குத் தட்டணு தற்காலிகமாகக் குறையும். பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் கடும் ஒவ்வாமை, அதைக் கையாளத்தான் அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வது.

காய்ச்சல் வலிப்பு பார்க்கிற தாய்க்கு உயிர் போகும். குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மூளையையும் கெடுக்காது. ஆனால் வயதுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அத்தையின் யோசனைக்கு நேர் எதிர். காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை வரக்கூடியது. அதிகம் வருவது ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள். தட்டம்மை ஊசியை 12 முதல் 15 மாதத்துக்குள் போட்டதைவிட 16 மாதத்துக்கு மேல் தள்ளிப் போட்ட குழந்தைகளுக்கே வலிப்பு அதிகம் என்று அமெரிக்காவில் ஆராய்ந்து சொன்னார்கள். முதல் ஊசியைத் தள்ளிப்போடுவது வலிப்பு வருகிற வயதுக்குள்ளேயே அதைக் கொண்டுபோய் வைப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. எழுதவே கை தயங்குகிறது. இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்துபோன சில குழந்தைகளுக்கு, ஏழெட்டு வருஷம் கழித்து அதே கிருமி மூளையில் விழித்துக்கொள்ளும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். டீச்சர் கையெழுத்து மோசமாகிவிட்டது என்றாராம். சோற்றுத் தட்டைப் பிடித்திருக்கும்போதே உடம்பு ஒரு வெட்டு வெட்டும், தட்டு கீழே போகும். குறும்பு என்று நினைத்து அடித்திருக்கிறார்கள். அந்த நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. எட்டு மாதத்தில் "மணல்வாரி" வந்து வேப்பிலை கட்டியதை அவனுடைய பாட்டிதான் நினைவுபடுத்திச் சொன்னார்.

பழைய ஊசியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் இன்னொரு கதை ரோட்டா சொட்டு மருந்து. 1998-இல் அமெரிக்காவில் வந்த முதல் மருந்து, சுமார் பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குக் குடலுக்குள் குடல் செருகிக்கொள்ள வைத்தது. 1999-லேயே விலக்கிவிட்டார்கள். பார்த்தால், முதல் சொட்டை மூன்று மாதம் கடந்து கொடுத்த குழந்தைகளுக்கே அது அதிகம். இன்று வேறு மருந்து. உங்கள் பையனுக்கு ஆறாவது வாரத்திலேயே கொடுத்திருப்பார்கள். அட்டையில் பாருங்கள்.

எம்.ஆர். ஊசியை உண்மையிலேயே நிறுத்தி யோசிக்க வேண்டிய குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள்: பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், முந்தைய ஊசிக்கு மூச்சுத்திணறல் வந்தவர்கள். சளி, லேசான இருமல், பல் முளைப்பது காரணமாகாது.

போகும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பொடியைத் திரவத்தில் கரைத்த பிறகு அந்தக் குப்பியை நான்கு மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. "எத்தனை மணிக்குத் திறந்தீங்க?" என்று கேளுங்கள். நல்ல நர்ஸ் கோபப்படமாட்டார். குப்பியில் எழுதியிருப்பதையே காட்டுவார். வலது கையில் ஊசி, கூடவே வாயில் வைட்டமின் ஏ. காய்ச்சல் அன்றைக்கே வராது. ஐந்தாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வரலாம், லேசான தடிப்போடு. எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் போதும். அளவை நர்ஸிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் வண்டியை எடுங்கள். நின்றுவிட்டாலும் முதல் வலிப்பு என்றால் அன்றே ஒரு டாக்டர் பார்த்துவிட வேண்டும்.

முந்தைய ஊசிகளில் சில பொள்ளாச்சியில் போட்டவையாக இருக்கும், அம்மா வீட்டில் பிரசவம் என்பதால். தமிழ்நாட்டு அட்டையைக் கேரள நர்ஸ் ஒத்துக்கொள்வாரோ என்ற தயக்கம் எல்லையோரத்துத் தாய்மார்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். ஒத்துக்கொள்வார், இரண்டு பக்கமும் தேசிய அட்டவணை ஒன்றுதான். அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள்.

வருகிற புதன்கிழமை அத்தையையும் கூட்டிப் போங்கள். ஊசி போடும்போது பையன் அவர் மடியில் இருக்கட்டும். மலையாளத்தில் "அஞ்சாம்பனி" என்கிற தட்டம்மை வந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்த தலைமுறை அவர். குப்பியை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.